மறைப்பின் திசை

1

என் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. நின்றுபோன சில பத்திரிகைகளின் பழைய இதழ்களைச் சணல் கயிற்றால் கட்டி அதில் போட்டு வைத்திருந்தேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலை, தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட பத்திரிகையில் வந்த மொழிபெயர்ப்புகளுக்கு அட்டவணை ஒன்று தயாரித்துக்கொண்டிருப்பதாகவும், ஏழு இதழ்கள் மட்டும் எங்கும் அகப்படவில்லை என்றும் சொன்னார். 'இங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்கிறேன் சார், கொண்டுபோக மாட்டேன்' என்றார். நான் அந்தக் கட்டிலின் மீதுதான் உட்கார்ந்திருந்தேன். 'இருந்தது. யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை' என்றேன். அவர் காபியைக் குடித்துவிட்டு, தொந்தரவு கொடுத்ததற்கு வருத்தம் சொல்லிவிட்டு, பஸ் பிடிக்கப் போனார்.

அதே மொழிபெயர்ப்புகளைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதுவதாக இருந்தேன். பதினோரு வருஷமாக எழுதுவதாக இருந்தேன். அந்த ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறியது. பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கார்த்திகையில் திறந்து பார்த்தபோது கறையான் முக்கால்வாசி வேலையை முடித்திருந்தது.

இதைப் பாவமன்னிப்புக்காகச் சொல்லவில்லை. நம் இலக்கிய உலகில் பாவமன்னிப்பு மலிவாகக் கிடைக்கிற சரக்கு. நான் செய்ததை எனக்கு நானே நியாயப்படுத்திக்கொள்ள முயன்றபோது கைக்கு வந்த நியாயங்கள் எல்லாம், வேறு சந்தர்ப்பங்களில் வேறு மனிதர்கள் சொல்லக் கேட்டு நான் ஒப்புக்கொண்ட நியாயங்களாகவே இருந்தன. அது என்னைத் தொந்தரவு செய்தது. ஒரே வாதம் ஒருவர் வாயில் நியாயமாகவும் இன்னொருவர் வாயில் அயோக்கியத்தனமாகவும் எப்படி ஆகிறது? தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது எப்போது தவறாகிறது?

'எப்போதுமே தவறு' என்பது இன்று எல்லா மேடைகளிலும் கிடைக்கும் பதில். சர்க்கார், கம்பெனி, சர்வகலாசாலை என்று எல்லாரும் அறிவைப் பகிரச் சொல்கிறார்கள். விளக்கிலிருந்து விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறையாது என்ற உவமையும் கூடவே வரும். உவமை சரிதான். ஆனால் அது ஒன்றை மறைக்கிறது. கொடுப்பதால் அறிவு குறைவதில்லை. அறிந்தவன் நிற்கிற இடம் குறையலாம். எனக்கு மட்டும் தெரிந்தபோது அதற்கு ஒரு விலை. பத்துப் பேருக்குத் தெரிந்த பின்னும் அறிவு அதேதான், என் விலை பத்தில் ஒன்று. ஒளிக்கிறவன் பெரும்பாலும் காவல் காப்பது அந்த விலையைத்தான். அந்த விலை சிலருக்கு அகங்காரத்தின் தீனி. சிலருக்கு அது அன்றாட அரிசி. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் கண்டிப்பது சௌகரியம், அவ்வளவுதான்.

2

மறைப்பு குற்றமாக இருப்பதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத உதாரணம் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேம்பர்லன் குடும்பத்தினர் 16ஆம் நூற்றாண்டில் மத விரோதத்துக்குத் தப்பி பிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த புராட்டஸ்டண்டுகள். பிரசவம் பார்ப்பது அவர்கள் தொழில். நம் ஆஸ்பத்திரிகளில் 'ஆயுதம் போட்டு எடுத்தார்கள்' என்று பெண்கள் சொல்வார்களே, அந்த ஆயுதத்தை, தலையைப் பற்றிக் குழந்தையை வெளியே கொண்டுவரும் இடுக்கியை, அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல், தலைமுறை தலைமுறையாக, வெளியே சொல்லவில்லை.

மறைப்பதற்கு அவர்கள் செய்த ஏற்பாடுகள் கதையாகவே பேசப்படுகின்றன. பொன்முலாம் வேலைப்பாடு கொண்ட பெரிய பெட்டி ஒன்று இரண்டு பேரால் தூக்கி வரப்படும். உறவுப் பெண்கள் அறையிலிருந்து வெளியேற்றப்படுவார்கள். வலியில் கிடக்கும் பெண்ணின் கண் கட்டப்படும். அந்தக் காலத்தில் தலை சிக்கிக்கொண்ட பிரசவம் என்றால் தாயோ பிள்ளையோ அல்லது இருவருமோ சாவது வழக்கம். அப்படிச் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பெட்டிக்குள் உபாயம் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்தக் குடும்பத்தில் ஹியூ என்பவர் 1670ல் பாரிஸுக்குப் போய், ரகசியத்தை விற்கப் பார்த்தார். அங்கே பெயர்பெற்ற வைத்தியரான மொரிஸோ ஒரு சோதனை வைத்தார். எலும்பு வளைந்து இடுப்பு குறுகிப்போன ஒரு பெண். ஹியூ மணிக்கணக்காக முயன்றும் முடியவில்லை. தாயும் பிள்ளையும் இறந்தார்கள். வியாபாரம் படியவில்லை. திரும்பி வந்த ஹியூ, மொரிஸோவின் புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதாவது, பிறருடைய அறிவைத் தம் மொழிக்குக் கொண்டுவருவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. முன்னுரையில் தம் ரகசியத்தைப் பற்றி ஒரு சமாதானம் சொல்கிறார்: தகப்பனாரும் சகோதரர்களும் இதே தொழிலில் இருக்கிறார்கள், ஆகவே இது தம் ஒருவருக்குச் சொந்தமானது அல்ல, அவர்களுக்குத் தீங்கு செய்யாமல் இதை வெளியிடத் தம்மால் முடியாது.

இந்த வாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் பேராசையின் தொனி இல்லை. குடும்பப் பொறுப்பின் தொனி இருக்கிறது. நம் ஊரில் ஒரு பரம்பரை வைத்தியரோ கொல்லரோ இதையே சொன்னால் நாம் தலையாட்டுவோம். 'இது என்னுடையது மட்டுமில்லை, சொல்ல எனக்கு உரிமை இல்லை.' அகதியாக வந்த ஒரு குடும்பத்துக்குக் கைத்தொழிலைத் தவிர வேறு ஆஸ்தி ஏது என்றும் கேட்கலாம். ஆனால் ஹியூவின் காலத்தில் அந்தக் குடும்பம் அரசவையில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தது. அகதியின் பயம் போய்விட்ட பிறகும் அகதியின் நியாயம் போகவில்லை.

1813ல் எஸ்ஸெக்ஸில் உட்ஹாம் மார்டிமர் என்ற ஊரில், அந்தக் குடும்பத்தார் முன்பு வசித்த வீட்டின் மேல்மாடித் தரைப் பலகைக்கு அடியில் அந்தக் கருவிகள் கண்டெடுக்கப்பட்டன. அதற்குள் அவை ரகசியமாக இருப்பது நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. யாரும் தேடாத பொருளை யாரோ ஒளித்து வைத்திருந்தார்கள். இந்த இடத்தில் என் தகரப் பெட்டி நினைவுக்கு வருவதை என்னால் தடுக்க முடியவில்லை.

3

பகிர்வதற்கு நல்ல உதாரணம் தேடினால் அதே இங்கிலாந்தின் தென்மேற்கு மூலைக்குப் போகலாம். கார்ன்வாலில் செம்பும் தகரமும் எடுக்கும் ஆழமான சுரங்கங்கள் இருந்தன. ஆழம் போகப்போக நீர் ஊறும். நீரை இறைக்க நீராவி இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்கு நிலக்கரி வேண்டும். கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஆகவே ஒரு கூடை கரியில் எவ்வளவு நீரை எவ்வளவு உயரம் தூக்கலாம் என்பது அங்கே லாப நஷ்டக் கேள்வி.

ஜேம்ஸ் வாட்டின் இயந்திரம் அதிகம் விலைபோன இடங்களில் இது ஒன்று. பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு கரி மிச்சமோ அதில் மூன்றில் ஒரு பங்கின் மதிப்பு வாட் கம்பெனிக்கு. கணக்குத் தவறாமலிருக்க இயந்திரத்தில் ஒரு எண்ணும் கருவி, பூட்டிய பெட்டிக்குள். 1775ல் பார்லிமெண்ட் நீட்டித்துக் கொடுத்த காப்புரிமை 1800ல் முடியும்வரை, அந்த இயந்திரத்தைத் தங்கள் யோசனையால் மாற்றப் பார்த்த கார்ன்வால்காரர்கள் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார்கள். காப்புரிமை முடிந்தபின் முதலில் வந்தது முன்னேற்றம் அல்ல. இயந்திரங்கள் கவனிப்பாரின்றிப் போயின, வேலைத்திறன் தணிந்தது.

1811ல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளர் ஒரு மாதாந்தர அறிக்கையைத் தொடங்கினார். அதில் கட்டுரை இல்லை, உபதேசம் இல்லை. ஓர் அட்டவணை. சுரங்கத்தின் பெயர், இயந்திரத்தின் அளவு, எரித்த கரி, இறைத்த நீர், ஒரு புஷல் கரியில் எத்தனை பவுண்டு நீரை ஓரடி உயர்த்தியது என்ற எண், பொறியாளரின் பெயர். அடுத்த வருஷமே லீன் இறந்துபோனார். பிள்ளைகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அதை 1904வரை நடத்தினார்கள். ஒரு பொறியாளர் கொதிகலனின் வடிவத்தை மாற்றுவார், அடுத்த மாதம் எண் ஏறும். இன்னொருவர் போய்ப் பார்ப்பார், அதோடு குழாய்க்கு உறை போட்டுப் பார்ப்பார், எண் இன்னும் கொஞ்சம் ஏறும். தொடக்கத்தில் சராசரி 2 கோடிக்கு உள்ளே இருந்தது. 1840களின் நடுவில் 6 கோடியைத் தாண்டியது. 1835ல் ஃபோவி கன்சால்ஸ் சுரங்கத்தில் சாட்சிகள் முன்னிலையில் நடந்த சோதனையில் ஓர் இயந்திரம் 12.5 கோடியைத் தொட்டது. இதில் பெரும் பகுதி இன்னார் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாதது. ராபர்ட் ஆலன் என்ற பொருளாதார அறிஞர் 1983ல், வேறொரு தொழிலை ஆராய்ந்தபோது, இம்மாதிரிச் செயலுக்குக் கூட்டுக் கண்டுபிடிப்பு என்று பெயர் வைத்தார்.

இதை ஒரு நீதிக்கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கார்ன்வால்காரர்கள் சேம்பர்லன்களைவிட நல்லவர்கள் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை. ஒரே ஆள் பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்தான். ஒரு சுரங்கத்தின் உபாயம் இன்னொன்றுக்குப் போனால் அவனுக்கு நஷ்டமில்லை. பொறியாளர்கள் ஒரே சமயத்தில் பல சுரங்கங்களுக்கு வேலை செய்தார்கள். அட்டவணையில் பெயருக்கு நேரே பெரிய எண் வந்தால் அடுத்த வேலை தானாக வரும். ஆக, சொல்வதால் விலை குறையாமல் கூடுகிற மாதிரி ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள் சராசரி மனிதன் தாராளமானவனாக நடந்துகொண்டான். குணத்தைத் திருத்துவதாகக் கிளம்பும் பிரசங்கங்களைவிட அந்த ஒற்றைத் தாள் எனக்கு மதிப்புள்ளதாகத் தோன்றுகிறது. கொடையாளிகளைத் தேடி அலையும் சமூகத்தைவிட, சொன்னவன் நஷ்டப்படாத சமூகம் மேல்.

ஆனால் ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது. ட்ரெவிதிக் 1812ல் கார்ன்வாலில் நிறுத்திய உயர் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்கவில்லை. எல்லாரும் அதை எடுத்துக்கொண்டார்கள், திருத்தினார்கள், பெருக்கினார்கள். பின்னாளில், தம் வேலையால் நாட்டுக்கு இவ்வளவு கரி மிச்சமாயிற்றே, ஏதாவது கொடுங்கள் என்று அவர் பார்லிமெண்டுக்கு மனுப் போட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை. 1833ல் டார்ட்ஃபோர்டில் வறுமையில் இறந்தார். புதைத்த இடத்தில் பெயர்க் கல் இல்லை. அட்டவணையில் பெயர் வந்த மனிதருக்கே இது. பொறியாளருக்கு அதில் ஒரு பத்தி இருந்தது. அடுப்பின் முன் நின்று, எந்த நேரத்தில் எவ்வளவு கரியை எப்படிப் பரப்பிப் போட்டால் தீ நின்று எரியும் என்பதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தவனுக்குப் பத்தி இல்லை. அவன் அறிவும் அந்த 6 கோடிக்குள் இருக்கிறது.

சமமானவர்களுக்குள் பகிர்வது கஷ்டமே இல்லை என்பதுதான் கார்ன்வால் காட்டுவது. இன்று நான் சொன்னால் நாளை நீ சொல்வாய். சுற்றி வருகிற பொருள். கஷ்டம் வட்டத்தின் விளிம்பில் தொடங்குகிறது.

4

விளிம்பைப் பார்க்க நம் மலைக்கே வரலாம். அகத்தியமலையின் இரு சரிவுகளிலும் காணிகள் வாழ்கிறார்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் காடுகளில். இந்தப் பக்கம் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களில். தமிழுக்கும் வைத்தியத்துக்கும் ஆதி ஆசான் என்று நாம் கொண்டாடும் அகத்தியரின் மலை. அந்த மலையில் இருந்தவர்களிடம் நாம் எதையும் கேட்டுக்கொண்டதாக நம் புராணங்களில் இல்லை.

1987 டிசம்பரில் தாவர ஆராய்ச்சியாளர்கள் குழு ஒன்று கேரளப் பக்கத்தில் மலை ஏறியது. வழிகாட்டிகளாகக் காணி இளைஞர்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு மூச்சு வாங்கியது. காணிகள் ஏதோ சிறு காய்களைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தார்கள். தின்றதும் தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டபோது காணிகள் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்றார்கள். வற்புறுத்தலுக்கும், தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்ற வாக்குறுதிக்கும் பிறகு காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்று இன்று அதற்குப் பெயர்.

பாலோடில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் அதை ஆராய்ந்தது. காணிகள் தின்றது காயை. ஆய்வுக்கூடம் இலையிலும் சத்து இருப்பதைக் கண்டது. அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து ஜீவனி என்ற மருந்து உருவாயிற்று. 1995ல் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஓர் ஆயுர்வேதக் கம்பெனிக்கு ஏழு வருஷ உரிமம், 10 லட்ச ரூபாய்க்கு. அந்தத் தொகையிலும் விற்பனைமேல் வரும் 2 சதவீதத்திலும் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் தீர்மானித்தது. அன்று அப்படிக் கொடுக்கச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. பல்லுயிர்ச் சட்டம் 2002ல்தான் வந்தது. 1997ல் காணிகளுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. 1999ல் 5 லட்சத்துக்குச் சற்று அதிகமான தொகை அதற்குப் போய்ச் சேர்ந்தது. உலகம் முழுவதும் இது முன்மாதிரியாகப் பேசப்பட்டது. ஆராய்ச்சியாளர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் செய்தது, பலர் செய்யாதது.

ஆனால் காணிகளின் வைத்தியர்களுக்குப் பிளாத்திகள் என்று பெயர். மந்திரமும் மருந்தும் அவர்கள் பொறுப்பு. அவர்களில் சிலர் கேரள முதலமைச்சருக்கு எழுதினார்கள். இந்த அறிவு தனியார் கம்பெனிக்கு விற்கப்படுவதை ஆட்சேபித்தார்கள். வழிகாட்டியாகப் போன இளைஞர்கள் சொல்லிவிட்டார்கள், சரி. சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா? வேறு பகுதிகளில் வாழும் காணிகள் தங்களை யாரும் கலந்துகொள்ளவில்லை என்றார்கள். வனத்துறையோ காட்டிலிருந்து இலையை எடுக்கக்கூடாது என்றது. செடியைக் காட்டியவர்கள் செடியைத் தொடுவதற்கு அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

'இது எங்களுக்கெல்லாம் பொதுவானது, தனியொருவர் வெளியே கொடுக்க முடியாது.' பிளாத்திகள் சொன்னதன் சாரம் இது. ஹியூ சேம்பர்லன் முன்னுரையில் சொன்னதன் சாரமும் இதுவேதான். ஒருவரை நான் கண்டிக்கிறேன், மற்றவர் முன் தயங்கி நிற்கிறேன். இது வெறும் அனுதாபமா? ஏழை சொன்னால் நியாயம், பணக்காரன் சொன்னால் அநியாயம் என்ற சோம்பேறித்தனமா?

அப்படி இல்லை என்று நினைக்கிறேன். வாதம் ஒன்று, அது நோக்கியிருக்கும் திசை வேறு. சேம்பர்லன் யாரிடமிருந்து மறைத்தார்? தம் கைக்குக் கீழே, கண் கட்டப்பட்டு, உயிருக்காக அவரையே நம்பிக் கிடந்த பெண்ணிடமிருந்து. அவளால் அவரை ஒன்றும் செய்ய முடியாது. பிளாத்தி யாரிடமிருந்து மறைக்கிறார்? ஆய்வுக்கூடமும் கம்பெனியும் வனத்துறையும் சட்டப் புத்தகமும் உள்ளவர்களிடமிருந்து. சொன்ன மறுநாள் அவர்கள் செடியின் எஜமானர்களாகவும் அவர் அத்துமீறி நுழைந்தவராகவும் ஆகிவிடலாம். கேட்கிறவன் சொல்கிறவனை என்ன செய்ய முடியும் என்பதைப் பார்க்காமல், சொல்லாதவனைக் கஞ்சன் என்பது பலசாலியின் ஒழுக்கவியல். 'பகிர்' என்ற உத்தரவு மேலிருந்து கீழே போகிறது. பகிரப்பட்டது கீழிருந்து மேலே வருகிறது. நம் ஜாதிச் சமூகத்தில் இது புதிய அனுபவம் அல்ல. கைவினைக்காரனின் அறிவு கோயிலுக்கும் அரண்மனைக்கும் ஏறிற்று. ஏட்டறிவு சேரிக்கு இறங்கவில்லை. இரண்டையும் பரம்பரை ரகசியம் என்ற ஒரே பெயரில் சொல்லிக்கொண்டோம்.

இதற்காக மறைப்பை நான் கொண்டாடப் போவதில்லை. பழங்குடி மௌனத்தைத் தூரத்திலிருந்து வியப்பது நம்மிடையே ஒரு மோஸ்தர். மௌனத்துக்கும் கிரயம் உண்டு. சொல்லியிராவிட்டால் இலையைப் பற்றிய புதிய அறிவு பிறந்திருக்காது. மௌனம் காவலாகவும் ஆவதில்லை. மஞ்சளால் புண் ஆறும் என்பதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சில் எதிர்த்து வழக்காடி 1997ல் ரத்து செய்ய வைத்தது. அங்கே செல்லுபடியான சாட்சி அச்சில் வந்த எழுத்துத்தான். கோடிப் பாட்டிகள் புண்ணில் மஞ்சள் வைத்தது சாட்சி ஆகாது. எழுதி வெளியிட்டவன் தப்பித்தான். வாயோடு வைத்திருந்தவனுக்கு நிரூபிக்க வழியில்லை. ஆக, பலவீனன் சொன்னாலும் போகிறது, சொல்லாவிட்டாலும் போகிறது. அவனைப் பார்த்து 'சொல்' என்று உபதேசிக்கும் முன், சொன்னால் அவன் கையில் என்ன மிஞ்சும் என்பதைக் கேட்பவன் உறுதி செய்ய வேண்டும். பணம் அதில் ஒரு பங்கு. எந்த மலையில், யார் காட்டினார்கள் என்று பெயர் நிற்பது இன்னொரு பங்கு. வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளும் உரிமை மூன்றாவது. இந்த மூன்றாவதை யாரும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

5

இப்போது நம் வட்டம்.

சிறுபத்திரிகையை லீனின் அட்டவணையோடு ஒப்பிடுவது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கியபோது புதுக்கவிதை என்ன என்று யாருக்கும் முடிவாகத் தெரியாது. ஒருவர் ஒரு சோதனை செய்வார், அச்சாகும். அடுத்த இதழில் ஒருவர் அது கவிதையே அல்ல என்பார். மூன்றாமவர் அதிலிருந்து ஓர் உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொன்று எழுதுவார். 1962ல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தபோது ஒரு கூட்டுக் கண்டுபிடிப்பு நடந்து முடிந்திருந்தது. யாருக்கும் காப்புரிமை இல்லை. யாருக்கும் பணமும் இல்லை. பெயருக்கு நேரே ஓர் எண் மட்டும், அதாவது நான்கைந்து பேரின் மதிப்பீடு. அது போதுமானதாக இருந்தது.

ஆனால் நமக்குள் நாம் தாராளமாக இருந்தது சமமானவர்களுக்குள் இருந்த தாராளம். ஒரே மாதிரி வாசித்தவர்கள், ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்தவர்கள், புத்தகத்தைக் கடன் கொடுத்தால் இன்னொரு புத்தகம் கடன் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள். வட்டத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்டபோது? 1990களில் தலித் எழுத்து தன் பெயரோடு எழுந்தபோது நம்மில் பலர் முதலில் செய்தது சல்லடையை எடுத்ததுதான். தரம், தீவிரம், உருவம் என்று நாம் சொன்ன சொற்களுக்குப் பொருள் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கற்றுக்கொடுக்கும் பொருளாக வைத்திருந்தோமா, வாசலில் கேட்கும் சங்கேதச் சொல்லாக வைத்திருந்தோமா? பெரும் பத்திரிகைகள் நம்மை ஒதுக்கின என்ற நம் குறை உண்மை. அந்தக் குறையை நியாயமாக வைத்துக்கொண்டே நாமும் ஒரு பெட்டியைப் பூட்டினோம். சேம்பர்லன்களும் அகதிகளாகத்தான் வந்தார்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். 'இவை அரிய இதழ்கள், கைமாறினால் அழிந்துவிடும்' என்று சொல்லிக்கொண்டேன். அவர் எடுத்துப்போகவே கேட்கவில்லை. 'சேகரித்தவனுக்கு ஓர் உரிமை உண்டு' என்று சொல்லிக்கொண்டேன். பிளாத்தியின் வாதத்தைச் சேம்பர்லனின் இடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இளைஞர் என்னை என்ன செய்திருக்க முடியும்? என் வேலையைப் பறிக்க முடியாது, என் பெயரை அழிக்க முடியாது. நான் எழுதாத கட்டுரையை எழுதியிருப்பார். அவ்வளவுதான் என் பயம். எனக்குக் கீழே இருந்தவரிடமிருந்து, எனக்கு நஷ்டமில்லாத ஒன்றை மறைத்தேன். நியாயத்தின் எந்தப் பக்கத்திலும் இதற்கு இடமில்லை.

போன வருஷம் அவரிடமிருந்து ஒரு தபால் வந்தது. அட்டவணையை முடித்துவிட்டார். நூறு பிரதி சொந்தச் செலவில் அச்சிட்டு, கேட்பவர்களுக்குச் சும்மா கொடுக்கிறார். விடுபட்ட ஏழு இதழ்களைச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பார்த்ததாக எழுதியிருந்தார். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ஒரு மனிதர் வாழ்நாள் முழுதும் சேர்த்தவை, 1992ல் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ சர்வகலாசாலையால் வாங்கப்பட்டு அந்த நூலகமாயின. அவரும் பெட்டி பெட்டியாகத்தான் வைத்திருந்திருப்பார். அந்தப் பெட்டிகள் இன்று, வீட்டில் புத்தகம் இல்லாதவர்களுக்குத் திறந்திருக்கின்றன.

அட்டவணையின் முதல் பக்கத்தில் உதவியவர்களின் பட்டியல் இருக்கிறது. நூலகத்தில் கட்டுகளை எடுத்துக் கொடுத்த ஊழியர்கள், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்த நண்பர் என்று ஒருவரையும் விடாமல் எழுதியிருக்கிறார். லீனின் தாளில் இல்லாத பத்தி அது. எட்டாவது பெயர் என்னுடையது. தேடி வந்தபோது உபசரித்து, ஊக்கம் கொடுத்ததற்காக.

ஏகலைவன் கதையில் நாம் எப்போதும் கட்டைவிரலையே பார்க்கிறோம். கொடுக்காத கல்விக்குத் துரோணர் தட்சிணை வாங்கினார் என்பதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. கேட்டு வாங்கியது கொடுமை. கேட்காமலே வந்து சேர்ந்தால், வாங்கி வைத்துக்கொள்வது சுலபமாக இருக்கிறது. நான்கு நாள் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், சந்தோஷமாகக்கூட.

பிறகு, அடுத்த பதிப்பு வந்தால் என் பெயரை எடுத்துவிடும்படி அவருக்கு எழுதினேன். காரணம் எழுதவில்லை. 'ஏதாவது தவறு செய்துவிட்டேனா சார்' என்று கேட்டு பதில் போட்டிருக்கிறார். இந்த இதழ் வந்ததும் ஒரு பிரதி அவருக்குப் போகும்.